விற்பனையே இல்லாத கம்பெனிக்கு நூறு கோடி டாலர்

2025 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் ஃபெடரல் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க், மெட்டா நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் மெட்டா வாங்கியது, வளர்ந்துவந்த போட்டியை முளையிலேயே விழுங்கத்தான், அதனால் இரண்டையும் அதனிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வாதம். 2020 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் மனு தள்ளுபடியானது. திருத்தி மறுபடி தாக்கல் செய்தார்கள். சாட்சி விசாரணை தொடங்கியபோது 2025 ஏப்ரல் ஆகிவிட்டது.

அதற்குள் டிக்டாக் வந்து உலகத்தையே புரட்டிப் போட்டிருந்தது. அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதம்தான் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பதில் போகிறது, இன்ஸ்டாகிராமில் வெறும் 7 சதவீதம் என்ற கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. மற்ற நேரத்தில் பெரும்பகுதி, முன்பின் தெரியாதவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்ப்பதில் போகிறது. அப்படியானால் டிக்டாக்கும் யூடியூபும் அதே சந்தையில்தானே இருக்கின்றன என்று கேட்டார் நீதிபதி. மெட்டாவுக்கு முன்னொரு காலத்தில் ஏகபோகம் இருந்ததா என்பது அவர்முன் இருந்த கேள்வி இல்லை. இன்று இருக்கிறதா என்பதே கேள்வி. அதை ஆணையம் நிறுவவில்லை என்று முடித்தார்.

அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தன்முன் வைக்கப்பட்ட கேள்விக்கு அவர் விடை சொன்னார். இன்ஸ்டாகிராம் தனியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய ஆண்டு 2012. அப்போது அதைக் கேட்க அதிகாரம் பெற்றிருந்தவர்கள் கேட்டுவிட்டு, சரியென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) வாங்குவதாக அறிவித்தபோது இன்ஸ்டாகிராமுக்கு வயது ஒன்றரை. ஊழியர்கள் 13 பேர். பயனர்கள் சுமார் 3 கோடி. வருவாய் என்று சொல்ல ஒரு டாலர்கூடக் கிடையாது. பேசிய விலை 100 கோடி டாலர். வரவே இல்லாத கம்பெனிக்கு அவ்வளவு கொடுப்பவர், அதில் எதையோ கண்டுதான் கொடுக்கிறார். வாங்கியவரின் மனம் எப்படி ஓடியது என்பதற்குப் பின்னாளில் வெளியான மின்னஞ்சல்கள் சான்று. போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவதே மேல் என்ற பொருளில் மார்க் சக்கர்பெர்க் 2008-லேயே எழுதியிருந்தார். ஆணையம் சில மாதங்கள் ஆராய்ந்து, அந்த ஆகஸ்டில் ஐந்து ஆணையர்களும் ஒருமனதாகக் கோப்பை மூடினார்கள். பிரிட்டனின் போட்டி அமைப்பும் அதே மாதத்தில் அனுமதி தந்தது. புகைப்படச் செயலிகள் சந்தையில் வேறு பல இருக்கின்றன, இன்ஸ்டாகிராமுக்கு விளம்பர வருமானமும் இல்லை, பிறகு எந்தப் போட்டி குறையப்போகிறது என்பது அங்கே எடுத்த நிலை.

இவர்கள் சோம்பேறிகளோ விலைபோனவர்களோ இல்லை. கையில் இருந்த அளவுகோல் அப்படிப்பட்டது. அது எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால்தான் இப்போது நடப்பதன் ஆபத்து விளங்கும்.

கம்பெனிகள் இணைவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் வேர் 1914-இன் கிளேட்டன் சட்டம். அதன் ஏழாவது பிரிவு, போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய இணைப்புகளைத் தடுக்கிறது. 'குறைத்த' என்று இல்லை, 'குறைக்கக்கூடிய' என்று இருக்கிறது. வருமுன் காப்பதே அந்தச் சட்டத்தின் உயிர். ஆனால் இணைந்த பிறகு பிரிப்பது பெரும் பாடாக இருந்ததால், 1976-இல் வந்த ஹார்ட்-ஸ்காட்-ரோடினோ சட்டம், பெரிய பேரங்களை முடிக்கும் முன்பே அரசுக்குத் தெரிவித்துக் காத்திருக்க வேண்டும் என்றது. 1982-இல் நீதித்துறை வெளியிட்ட வழிகாட்டி, எந்த இணைப்பு ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. சந்தையில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவது. ஆளுக்கு 25 சதவீதம் வைத்திருக்கும் நான்கு கம்பெனிகள் என்றால் 2,500. இரண்டு இணைந்தால் 3,750. எஃகு, சிமெண்ட், மளிகை, விமானப் பயணம் என்று நேற்றும் இன்றும் ஒரே பொருளை விற்கும் தொழில்களுக்கு இது நல்ல கருவி. இன்றும் நல்ல கருவிதான்.

இன்னும் சந்தைக்கு வராத பொருளின் சந்தைப் பங்கு பூஜ்யம். பூஜ்யத்தை வர்க்கப்படுத்தினாலும் பூஜ்யம். நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு விதையின் வீரியத்தை அளக்க முடியாதது போல, இந்தக் கணக்கால் ஒரு கண்டுபிடிப்பின் எதிர்காலத்தைக் காண முடியாது. இன்ஸ்டாகிராம் அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லாத கம்பெனி.

இதே கதை அதற்கும் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. இணையத்தில் செய்தி வெளியிடும் எவரையும் இன்று வரை தொடும் கதை அது. 2007-இல் கூகுள், டபுள்கிளிக் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. பத்திரிகைகளின் இணையதளங்களில் எந்த விளம்பரம் எங்கே தோன்ற வேண்டும் என்று முடிவுசெய்யும் மென்பொருள் டபுள்கிளிக்கிடம் இருந்தது. கூகுள் தேடல் விளம்பரத்தில் பெரியது. டபுள்கிளிக் வேறு வேலை செய்தது. இருவரும் நேரடிப் போட்டியாளர்கள் இல்லை என்று வணிக ஆணையம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதித்தது. எதிர்த்து வாக்களித்தவர் பமேலா ஜோன்ஸ் ஹார்பர். இரண்டு நிறுவனங்களின் தரவுகளும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பான்மையினர் போதிய அளவு பார்க்கவில்லை என்பது அவர் கவலை. 2008 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையமும் அனுமதித்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் 17 அன்று, வெர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கிமா, வெளியீட்டாளர்களுக்கான விளம்பர மென்பொருளிலும் விளம்பரப் பரிமாற்றச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டியிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அந்த வெளியீட்டாளர் மென்பொருளின் மூலம், வாங்கிய டபுள்கிளிக்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் விளம்பர வருமானம் வற்றி மூடப்பட்ட நாளிதழ்களை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கொண்டுவராது. அவை மூடியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணங்களில் இது இல்லை என்றும் எவராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பேரத்தின் விலையை வைத்தே கோப்பு மேசைக்கு வந்தது. மேசைக்கு வந்தும் கண்ணுக்குப் புலப்படவில்லை. மற்ற நாடுகளில் கோப்பே மேசைக்கு வரவில்லை.

2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மாதந்தோறும் 45 கோடிப் பேர் பயன்படுத்திய செயலி. அதன் 2013-ஆம் ஆண்டு வருவாய் சுமார் ஒரு கோடி டாலர். நட்டம் 13 கோடிக்கும் மேல். ஐரோப்பியச் சட்டப்படி, ஒரு பேரத்தை ஆணையம் பார்க்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு தரப்புக்கும் ஐரோப்பாவில் தலா 25 கோடி யூரோ விற்றுமுதல் இருக்க வேண்டும் என்பது முதன்மையான வாசல். வாட்ஸ்அப் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மூன்று உறுப்பு நாடுகளின் சட்டத்தில் அது சிக்கியதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ள ஃபேஸ்புக்கே கேட்டுக்கொண்டு பிரஸ்ஸல்ஸில் உள்ள அந்த ஆணையத்திடம் போனது. இரு சேவைகளின் பயனர் கணக்குகளைத் தானாக இணைத்துப் பொருத்துவது நம்பகமாக முடியாத காரியம் என்று அங்கே அது சொன்னது. அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் நிபந்தனைகளை மாற்றி, தொலைபேசி எண்களை ஃபேஸ்புக் கணக்குகளோடு இணைக்க வழிசெய்தது. அந்தத் தொழில்நுட்பம் 2014-லேயே இருந்தது, நிறுவனத்தினருக்கும் தெரிந்திருந்தது என்று கண்ட ஐரோப்பிய ஆணையம், 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேர விலையோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அனுமதி ரத்தாகவும் இல்லை.

இந்தியாவில் என்ன நடந்தது? எதுவுமே நடக்கவில்லை. வாங்கப்படும் கம்பெனியின் இந்தியச் சொத்து 250 கோடி ரூபாய்க்கு மிகாமலோ, இந்திய விற்றுமுதல் 750 கோடிக்கு மிகாமலோ இருந்தால் போட்டி ஆணையத்திடம் தெரிவிக்கவே வேண்டியதில்லை என்ற விலக்கு 2011 முதல் நடைமுறையில் இருந்தது. இந்தியர்களின் அன்றாடப் பேச்சே ஓடிய ஒரு செயலி கைமாறியதை இந்திய அரசின் எந்தப் போட்டி அமைப்பும் ஆராயவில்லை. 2016-இல் அந்த விலக்கின் வரம்பை 350 கோடி, 1,000 கோடி என்று உயர்த்தினார்கள்.

உயர்த்திய வரம்பு எப்படி வேலை செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் படம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. சென்னையின் சத்யம் திரையரங்குகளை நடத்திய எஸ்.பி.ஐ. சினிமாஸை 2018-இல் வாங்கியது பி.வி.ஆர். அந்த பி.வி.ஆரும் அதன் முதன்மைப் போட்டியாளரான ஐநாக்ஸும் 2022 மார்ச்சில் இணைவதாக அறிவித்தன. நாட்டின் இரண்டு பெரிய மல்டிபிளெக்ஸ் குழுமங்கள். கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்ததில் விற்றுமுதல் சரிந்து, பேரம் விலக்கு வரம்புக்குள் வந்துவிட்டது. ஒப்புதல் தேவைப்படவில்லை. ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்தபோது, இனிமேல் நடக்கலாம் என்ற அச்சத்தை மட்டும் வைத்துப் போட்டிக்கு எதிரான நடத்தை குறித்த பிரிவுகளின் கீழ் விசாரிக்க முடியாது என்று போட்டி ஆணையம் 2022 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. முன்வாசல் பூட்டியிருக்கிறது, பின்வாசலில் கேட்டால் நடந்தபிறகு வா என்கிறார்கள்.

மருந்துத் துறையில் இதே ஓட்டை உயிரோடு விளையாடுகிறது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு ஆக்தார் என்ற ஊசிமருந்து தருவார்கள். 2001-இல் ஒரு குப்பியின் விலை சுமார் 40 டாலர். குவெஸ்ட்கோர் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தபின் அது படிப்படியாக ஏறி, 34,000 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு வெளியே அதைப் போலவே வேலை செய்யும் சினாக்தென் என்ற மருந்தை நோவார்ட்டிஸ் விற்றுவந்தது. அதை அமெரிக்காவில் கொண்டுவரச் சில நிறுவனங்கள் முயன்றன. 2013-இல் குவெஸ்ட்கோர் குறைந்தது 13.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அமெரிக்க உரிமையைத் தானே வாங்கிக்கொண்டது. போட்டி மருந்து வெளிவரவில்லை. குவெஸ்ட்கோரை அடுத்து வாங்கிய மாலின்கிராட், இதற்காக வணிக ஆணையம் தொடுத்த வழக்கை 2017 ஜனவரியில் 10 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

இது எங்கோ ஒரு பேராசைக்காரர் செய்தது என்று ஒதுக்க முடியாது. காலீன் கன்னிங்ஹாம், ஃப்ளோரியன் எடரர், சாங் மா என்ற மூன்று ஆய்வாளர்கள் மருந்து நிறுவனக் கையகப்படுத்தல்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 5.3 முதல் 7.4 சதவீதம் வரை, வாங்கிய மருந்து ஆராய்ச்சியைக் கொன்றுபோடவே செய்யப்பட்டவை என்று மதிப்பிட்டார்கள். அப்படிப்பட்ட பேரங்கள், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய வரம்புக்குச் சற்றே கீழே குவிந்திருந்தன. வரம்பு எங்கே இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியும் என்பதுதான் இதன் பொருள். அதே 2021-இல் வணிக ஆணையம் வெளியிட்ட இன்னொரு கணக்கு: ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தும் 2010 முதல் 2019 வரை, அறிவிப்பே தராமல் முடித்த, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பேரங்கள் 616.

ஓட்டை தெரிந்தபின் நாடுகள் சும்மா இருக்கவில்லை. 2017-இல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் விற்றுமுதலோடு பேர விலையையும் வரம்பாகச் சேர்த்தன. வரம்புக்குக் கீழே உள்ள பேரத்தையும் தேவைப்பட்டால் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரத்தை இத்தாலி, அயர்லாந்து, டென்மார்க் எடுத்துக்கொண்டன. அமெரிக்கா 2023 டிசம்பரில் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. நாளைய போட்டியாளரை இன்றே வாங்குவது, சின்னச் சின்னதாக வாங்கிக்கொண்டே போவது, இரண்டுமே தனித்தனியாக ஆராயப்பட வேண்டியவை என்று அதில் சேர்த்தார்கள். ஆட்சி மாறிய பிறகும் அந்த வழிகாட்டி தொடரும் என்று 2025 பிப்ரவரியில் வணிக ஆணையத்தின் புதிய தலைவர் அறிவித்தார்.

வழிகாட்டி எழுதுவது சுலபம், நீதிமன்றத்தில் எதிர்காலத்தை நிரூபிப்பது சுலபமில்லை. வித்தின் என்ற மெய்நிகர் உடற்பயிற்சி நிறுவனத்தை மெட்டா வாங்குவதைத் தடுக்க வணிக ஆணையம் போன வழக்கில், 2023 தொடக்கத்தில் நீதிபதி சொன்னது இது: வரக்கூடிய போட்டி என்ற கோட்பாடு சட்டத்தில் செல்லும், ஆனால் வாங்காமல் இருந்தால் மெட்டாவே சொந்தமாக அந்தத் தொழிலில் இறங்கியிருக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

ஐரோப்பாவுக்கு விழுந்த அடி இன்னும் பெரியது. மரபணு வரிசையறியும் கருவிகளில் முதலிடத்தில் இருக்கும் இல்லுமினா, இரத்தப் பரிசோதனையால் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிய முயலும் கிரெயில் நிறுவனத்தை வாங்க 2020-இல் பேரம் பேசியது. கிரெயிலுக்கு ஐரோப்பாவில் விற்பனையே இல்லை. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சிக்காத பேரத்தையும் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பலாம் என்று பழைய பிரிவு ஒன்றுக்குப் புது விளக்கம் கொடுத்து ஆணையம் அதைக் கையில் எடுத்தது. 2022-இல் தடையும் போட்டது. அனுமதிக்குக் காத்திராமல் வாங்கியதற்காக 2023-இல் 43.2 கோடி யூரோ அபராதமும் விதித்தது. 2024 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அப்படி அனுப்ப நாடுகளுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அதோடு தடையும் அபராதமும் விழுந்தன. அமெரிக்க ஆணையமும் தனியாக எதிர்த்துக்கொண்டிருந்ததால் கிரெயில் அதற்குள் பிரிந்துவிட்டிருந்தது. சட்டத்தைத் திருத்தாமல் விளக்கத்தை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைத்துவிட்டு எச்சரிப்பது நேர்மையாகாது. ரூம்பா என்ற துப்புரவு ரோபோவைச் செய்த ஐரோபாட்டை 170 கோடி டாலருக்கு வாங்க 2022 ஆகஸ்டில் அமேசான் முன்வந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் காட்டிய எதிர்ப்பால் 2024 ஜனவரியில் பேரம் முறிந்தது. அன்றே ஐரோபாட் தன் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நீக்குவதாக அறிவித்தது. 2025 டிசம்பரில் திவால் மனுப் போட்டு, தனக்கு ரோபோக்களைத் தயாரித்துக் கொடுத்த சீன நிறுவனத்தின் கைக்குப் போக ஒப்புக்கொண்டது. தடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். போட்டியைக் காப்பதாகச் சொல்லிப் போட்டியாளரைச் சாக விட்டால் யாருக்கு லாபம்?

இன்னொரு பக்கம் ஃபிக்மா இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் தன்னை மிரட்டிய இந்தச் சிறிய நிறுவனத்தை 2,000 கோடி டாலருக்கு வாங்க முயன்ற அடோபி, 2023 டிசம்பரில் பின்வாங்கி, முறிவுத் தொகையாக 100 கோடி டாலர் கொடுத்தது. ஃபிக்மா தனியே வளர்ந்து 2025 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாளிலேயே அதன் மதிப்பு அடோபி தருவதாகச் சொன்ன விலையைத் தாண்டியது. பிறகு பங்கு விலை வெகுவாக இறங்கியது. ஆனால் கம்பெனி நிற்கிறது, போட்டியும் நிற்கிறது. என் பார்வையில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தனியே நிற்கும் வலு. ஐரோபாட் ஏற்கெனவே சீனப் போட்டியாளர்களிடம் விலையிலும் தொழில்நுட்பத்திலும் பின்தங்கிக்கொண்டிருந்தது, ஃபிக்மா வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வலுவைப் பேரம் நடக்கும்போதே சோதித்துப் பார்க்கும் திறமை ஆணையங்களிடம் இருக்க வேண்டும்.

இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் சட்டம் ஒருவழியாகச் சிறிய கம்பெனிகளை வாங்குவதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெரிய கம்பெனிகள் வாங்காமலேயே காரியத்தை முடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. நான் அஞ்சுவது இதற்குத்தான்.

2024 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், இன்ஃப்ளெக்ஷன் என்ற நிறுவனத்தின் நிறுவனர்களில் இருவரான முஸ்தஃபா சுலைமானையும் காரென் சிமோன்யனையும், அவர்களோடு பெரும்பாலான ஊழியர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கும் மற்றவற்றுக்குமாகச் சுமார் 65 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. இன்ஃப்ளெக்ஷன் என்ற கம்பெனி இன்றும் காகிதத்தில் சுதந்திரமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரக்டர் ஏ.ஐ.யின் நிறுவனர்களை கூகுள் இதே முறையில் அழைத்துக்கொண்டது. 2025 ஜூனில் மெட்டா, ஸ்கேல் ஏ.ஐ.யில் வாக்குரிமை இல்லாத 49 சதவீதப் பங்கை 1,430 கோடி டாலருக்கு எடுத்து, அதன் தலைவரைத் தன்னிடம் கொண்டுவந்தது. ஜூலையில் விண்ட்சர்ஃப் நிறுவனத்தின் தலைமைக் குழுவையும் தொழில்நுட்ப உரிமத்தையும் கூகுள் 240 கோடி டாலருக்குப் பெற்றது. எஞ்சிய கம்பெனியும் மிச்ச ஊழியர்களும் மூன்றே நாளில் இன்னொரு நிறுவனத்திடம் போனார்கள்.

இன்ஃப்ளெக்ஷன் விவகாரம் மூன்று மேசைகளில் மூன்று விதமாக முடிந்ததைப் பாருங்கள். பிரிட்டன், ஒரு குழுவும் அதன் அறிவும் சேர்ந்து கைமாறினால் அதுவும் இணைப்புதான் என்று துணிந்து சொன்னது. ஆராய்ந்து, போட்டிக்குப் பாதகமில்லை என்று அனுமதித்தது. ஐரோப்பிய ஆணையமும் அதை இணைப்பாகவே கருதியது, ஆனால் இல்லுமினா தீர்ப்புக்குப் பின் ஏழு உறுப்பு நாடுகள் தங்கள் கோரிக்கையை விலக்கிக்கொண்டதால் கைவிட்டது. ஜெர்மனி, இது இணைப்பே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இன்ஃப்ளெக்ஷனுக்கு ஜெர்மனியில் குறிப்பிடத்தக்க நடவடிக்கை இல்லை, அதனால் அதிகாரம் இல்லை என்றது. பேர விலையை வரம்பாகச் சேர்த்த முன்னோடி நாடே அந்த வரம்பின் நிபந்தனையில் தடுக்கி நின்றது.

இந்தியா 2023-இல் செய்த திருத்தம் அந்த ஜெர்மன் மாதிரியைச் சேர்ந்தது. 2024 செப்டம்பர் 10 முதல், 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பேரமும், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், போட்டி ஆணையத்துக்கு வந்தாக வேண்டும். பழைய விலக்கு அங்கே செல்லாது. இது வரவேற்க வேண்டிய மாற்றம், பத்தாண்டு தாமதமாக வந்த மாற்றம். டிஜிட்டல் சேவை என்றால் உலகப் பயனர்களில் 10 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பது கணிசம் என்பதற்கான அளவுகோல்களில் ஒன்று. வாட்ஸ்அப் போன்றவற்றைப் பிடிக்க இது போதும். அது போன பத்தாண்டின் பேரம். செயற்கை நுண்ணறிவின் அடித்தள மாதிரிகளை உருவாக்கும் ஒரு குழுவுக்குப் பயனரே இல்லாமல் இருக்கலாம். இருபது ஆராய்ச்சியாளர்களும் சில ஆயிரம் சில்லுகளும் மட்டும் இருக்கலாம். அந்தக் குழு ஒரே கையில் சேர்ந்தால், பின்னாளில் இந்தியாவின் மருத்துவமனையும் வங்கியும் பள்ளியும் யாருடைய மென்பொருளை, யார் வைத்த விலைக்கு வாங்கும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

வாட்ஸ்அப்பை ஆராயாமல் விட்டதன் விலையை இந்தியா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் வாட்ஸ்அப் புகுத்திய தனியுரிமைக் கொள்கைக்காக 2024 நவம்பரில் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. 2014-இல் பேரம் மேசைக்கு வந்திருந்தால், தரவைப் பிரித்தே வைக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதியிருக்க முடியும்.

செய்ய வேண்டியவற்றில் ஒரு பகுதிக்கு நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை. 'கணிசமான தொழில்' என்பதன் இலக்கணம் ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. பயனர் எண்ணிக்கை, விற்பனை ஆகியவற்றோடு ஆராய்ச்சிக் குழு, பயிற்சித் தரவு, கணினித் திறன் ஆகியவற்றையும் அளவுகோலாக ஆணையமே சேர்க்கலாம். மற்றொரு பகுதிக்குச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவையே தொட வேண்டும். பங்கு, வாக்குரிமை, சொத்து, கட்டுப்பாடு கைமாறுவதைத்தான் அது பேசுகிறது. ஒரு கம்பெனியின் ஊழியர்களில் பெரும்பகுதியை வேலைக்கு எடுத்து, கூடவே உரிமமும் பெறுவது இணைப்பாகும் என்று அதில் வெளிப்படையாக எழுத வேண்டும். இத்தாலியைப் போல, வரம்புக்குக் கீழே இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரமும் வேண்டும்; அந்தக் காலக்கெடுவைச் சட்டத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், முதலீட்டாளர்கள் அஞ்சும் நிச்சயமின்மையும் குறையும். 2023 திருத்தம், ஆணையம் ஒரு பேரத்தை ஆராய்ந்து முடிக்கும் மொத்தக் காலத்தை 210 நாளிலிருந்து 150 ஆகக் குறைத்தது. முதல் கட்டக் கருத்தை 30 நாளில் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் ஆலைக்கு அந்த முப்பது நாள் போதும். விற்பனையே இல்லாத கம்பெனியின் எதிர்காலத்தை மதிப்பிட, அந்த முப்பது நாளுக்குள் கணினி விஞ்ஞானிகளும் மருந்தியலாளர்களும் ஆணையத்தின் உள்ளேயே வேலையில் இருக்க வேண்டும். அவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தும் செலவு, 213 கோடி அபராதத்தில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடும்.